பயந்தவன் சொல்கிறேன், கையெழுத்துப் போடு

தம்பி,

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பலர் படிப்பார்கள் என்று உன் வக்கீல் சொல்லிவிட்டார். முதலில் நம் பக்கத்து அதிகாரிகள் படிப்பார்கள். பிறகு அந்தப் பக்கத்து அதிகாரிகள், தமிழ் தெரிந்த யாரையாவது உட்கார வைத்து வரிவரியாக மொழிபெயர்த்துப் படிப்பார்கள். அதெல்லாம் முடிந்தபின்தான் உன் கைக்கு வரும். இத்தனை பேர் படிக்கப் போகிற கடிதத்தை ஊரே படித்தால்தான் என்ன என்று இந்தப் பத்திரிகைக்கும் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். ஒன்று வழியில் காணாமல் போனாலும் இன்னொன்று யார் மூலமாவது உன் காதுக்கு வந்து சேராதா என்கிற ஆசைதான். ஒவ்வொரு வார்த்தையும் உனக்கு வினையாகுமோ என்று பயந்து பயந்துதான் எழுதுகிறேன். போன தடவை கடை வியாபாரத்தைப் பற்றி, "ரெட்டைப்பேட்டு நன்றாகப் போகிறது" என்று சும்மா ஒரு வரி சேர்த்திருந்தேன். அது என்ன சங்கேதம் என்று கேட்டு வாரக்கணக்கில் கடிதத்தை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். படிக்கிற அய்யாவுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ரெட்டைப்பேட்டு என்பது இரண்டு பக்கமும் கரை வைத்த பட்டுப் புடவை. நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிற ஆள். எனக்கு வேறு எந்த ரகசியமும் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ராணுவக் கோர்ட்டு உனக்குத் தூக்கு என்று சொல்லிவிட்டது. மேல்முறையீட்டையும் தள்ளிவிட்டார்கள். இனி மிச்சம் இருப்பது கருணை மனு ஒன்றுதான். அந்த மனுவில் முதல் வரியிலேயே, 'நான் உளவு பார்த்தேன், அதற்காக வருந்துகிறேன்' என்று எழுதி நீ கையெழுத்துப் போட வேண்டும். அந்த வரி இல்லாத மனுவைக் கையில்கூட வாங்க மாட்டார்களாம். நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். செய்யாததைச் செய்தேன் என்று எழுத மாட்டேன், எழுதினால் எங்கள் அம்மா ஊரில் தலை காட்ட முடியாது என்று நீ சொன்னதாக வக்கீல் சொன்னார். இந்த மாதக் கடைசிக்குள் மனு போகாவிட்டால் அதற்குப் பிறகு எந்த நாள் வேண்டுமானாலும் நடக்கலாம் என்றும் சொன்னார். அப்பா சொல்கிறேன், மனுவில் கையெழுத்துப் போடு தம்பி. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மீதியெல்லாம் ஏன் என்பதற்காக எழுதுவது.

நடந்தது உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருந்தாய். அது பிடிக்கவில்லை என்று சரக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலைக்குப் போனாய். கப்பல் நடுக்கடலில் பழுதாகி, பக்கத்தில் இருந்த துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் துறைமுகம் நமக்கு ஆகாத நாட்டின் துறைமுகமாக இருந்தது. கடலே பார்க்காமல் வளர்ந்த பிள்ளை நீ. தாமல் ஏரி நிரம்பி வழிந்தாலே போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புவாய். அங்கேயும் கப்பல் மேல்தளத்தில் நின்று நாலு போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறாய். அதில் ஒன்றில் கிரேனுக்குப் பின்னால் அவர்களுடைய போர்க்கப்பல் நின்றுகொண்டிருந்தது. சாயங்காலமே வந்து உன்னை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு நின்றிருந்தால்கூட அபராதமோ கொஞ்ச நாள் ஜெயிலோ என்று போயிருக்கும் என்று வக்கீல் சொல்கிறார். உன் போனைத் திறந்தபோதுதான் உன் கூட்டாளி சதீஷின் கல்யாண பேனர் வெளியே வந்தது.

அந்த பேனரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. திருப்புட்குழி கல்யாண மண்டபத்துக்குத் திரும்புகிற இடத்தில், ரோட்டை மறைத்துக்கொண்டு நின்ற பேனர் அது. உன் கூட்டாளிகள் ஒருத்தன் விடாமல் எல்லாருக்கும் ஒரு பதவி கொடுத்திருந்தார்கள். பெண் வீட்டில் பேசி முடித்தவன் வெளியுறவுத் துறை அமைச்சர். பிரியாணிக்கு அலைந்தவன் உணவுத் துறை அமைச்சர். உன் தலையை மட்டும் வெட்டி, கறுப்புக் கண்ணாடியும் துப்பாக்கியும் வைத்த ஒரு கமாண்டோ உடம்பின்மேல் ஒட்டி, கீழே 'இரவு பகலாக மாப்பிள்ளையை உளவு பார்த்துத் தகவல் அனுப்பிய எங்கள் ரகசிய ஏஜெண்ட்' என்று போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள். அதே பேனரை அங்கே கோர்ட்டில் பெரிதாக்கி மாட்டி, இந்த உடுப்பு எந்தப் படைப் பிரிவுடையது, மாப்பிள்ளை என்பது யாருடைய பெயர், தகவலை யாருக்கு அனுப்பினாய் என்று கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை என்றால் சதீஷ் என்று நீ சொன்னாயாம். சதீஷ் எந்தத் துறையில் அதிகாரி என்று அடுத்த கேள்வி வந்ததாம். நம் பக்கத்தில் கல்யாணம் என்றால் இப்படித்தான் கேலி செய்து பேனர் வைப்போம் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

நானும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்த பேனர் அடித்த ஸ்டுடியோக்காரனைத் தேடிப் போனேன். என்னைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கப் பார்த்தான். எனக்கும் பொண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், இதில் என் பெயரை இழுக்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரைவிட்டே போயிருப்பேன். கடைசியில் மனசு கேட்காமல் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினான். அதே கமாண்டோ உடம்பு, அதே துப்பாக்கி. ஒரு பேனரில் கவுன்சிலர் தம்பி மகனின் தலை. இன்னொன்றில் மஞ்சள் நீராட்டுக்கு வந்த தாய்மாமன் தலை. காதுகுத்துக்கு அடித்த பேனரில், பல்கூட முளைக்காத ஒரு குழந்தையின் தலையை அந்தத் துப்பாக்கிக்கு மேலே உட்கார வைத்திருந்தான். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வக்கீலுக்கு அனுப்பினேன். இதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு உன்னை விட்டுவிடுவார்கள் என்று ஒரு வாரம் நிம்மதியாகக்கூட இருந்தேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை. குழந்தை படத்தைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் பிறகு தயாரித்தது என்று ஒதுக்கிவிட்டார்களாம்.

அந்தப் பக்கம்தான் பயம் என்றில்லை. தீர்ப்பு வருவதற்கு முன்னால் நம் நாட்டு அதிகாரிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். காபி குடித்தார்கள். உன் படிப்பு, உன் சிநேகிதர்கள், தங்கச்சி போன், எல்லாவற்றையும் கேட்டார்கள், பார்த்தார்கள். படியிறங்கும்போது அடக்க முடியாமல் நான் கேட்டுவிட்டேன்: "அவன் உங்க ஆளா சார்?" இருவரில் பெரியவர் என் தோளைத் தட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு முழுக்க நான் கடையில் தப்புத் தப்பாகப் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் பயந்திருப்பேன், இல்லை என்று சொல்லியிருந்தாலும் பயந்திருப்பேன். நீ அவர்கள் ஆள் என்றால் உனக்குத் தூக்கு. ஆள் இல்லை என்றால் உனக்காகக் கேட்க யாரும் இல்லை. இதில் எதை நான் வேண்டிக்கொள்வது?

தீர்ப்பு வந்த பிறகு ஊர் உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் கடைத் தெருவரைக்கும் பேனர். மறுபடியும் அதே துப்பாக்கி உடம்பு, மேலே உன் தலை. 'பகைவர் கோட்டைக்குள் புகுந்த காஞ்சிப் புலியே' என்று எழுதியிருந்தார்கள். சாயங்காலம் ஆவதற்குள் அந்த நாட்டு டிவியில் அது ஓடியது, பாருங்கள், அவன் ஊர்க்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்று. உனக்குத்தான் தெரியுமே, வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாதவன் நான். பஸ்ஸில் என் காலை மிதித்தவனிடமே நான்தான் மன்னிப்புக் கேட்பேன். அன்றைக்கு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தேன். பேனர் வைத்த பையன்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் பெரியவனாக இருந்தவன் ஏணியைப் பிடிப்பதுபோல் என் முக்காலியைப் பிடித்துக்கொண்டான். "இன்னா பெரியப்பா, உங்க பையனுக்காகத்தான வெச்சிக்கினு இருக்கறோம்" என்றான். "அவன் உள்ள பூந்தான்னு நீயே எழுதி வெச்சிட்டா, அவன் பூரலன்னு நான் எவன்கிட்டபா போய்ச் சொல்றது?" என்றேன். அவனே மற்ற கயிறுகளை அறுத்துக் கொடுத்தான். மற்றவர்கள் அவனைப் போல இல்லை. பெற்ற பிள்ளையின் பேனரைக் கிழித்த துரோகி என்று என்னை வீடியோ எடுத்துப் போட்டார்கள். பரவாயில்லை. நீ புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. கரப்பான்பூச்சிக்குக் கத்துகிறவன்.

உன் வக்கீலைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் அந்த நாட்டுக்காரர். உருதுவில்தான் பேசுவார். எனக்கு உருது தெரியாது, நம் கடைக்குப் பக்கத்தில் ரவிக்கை தைக்கிற காதர் பாய்தான் எங்களுக்கு நடுவில் நின்று சொல்வார். ஆற்காட்டுப் பக்கம் பிறந்தவர், வீட்டில் உருதுதான். அவர் பிள்ளைகள் வேண்டாம் அப்பா, நாளைக்கு நம் வீட்டுக்குத்தான் போலீஸ் வரும் என்று அழாத குறையாகச் சொன்னார்கள். பாய் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். போன் என்னுடையது. பேசுகிற இடம் கடை வாசல். நேரம் பட்டப்பகல். ஸ்பீக்கரைப் போட்டு, போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையையும் தமிழில் உரக்கச் சொல்லுவார். டீக்கடையில் நிற்கிறவர்கள்கூட உன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வார்கள், அவ்வளவு பகிரங்கம். அப்படிப் பேசும்போது ஒரு நாள் வக்கீலிடம் கேட்டேன், உங்களுக்கு எதற்கு இந்த வேலை, உங்கள் ஊரில் உங்களைத் திட்ட மாட்டார்களா என்று. வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது, இப்போது தினமும் வேறு வேறு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன் என்றார். பயமாக இல்லையா என்று கேட்டேன். அவர் சொன்னதை மட்டும் பாய் உரக்கச் சொல்லவில்லை, என் காதுக்கருகே வந்து சொன்னார்: "உங்களாட்டம்தான், ரொம்பப் பயமா இருக்குதாம். ஆனா தூக்குப் போட அவசரப்படறவங்களப் பார்த்தா அதவிடப் பயமா இருக்குதாம்."

அன்றைக்கு நான் வேறொரு ஆளை நினைத்துக்கொண்டேன். நீ ஒரகடத்தில் இருந்த காலத்தில், இங்கே வந்து பலரைக் கொன்ற அந்த நாட்டு ஆள் ஒருவனுக்கு நம் நாட்டில் தூக்கு என்று டிவியில் ஓடியது. நீ சாப்பிட்டுக்கொண்டே, இதற்கெல்லாம் கோர்ட்டு எதற்கு, பிடித்த அன்றைக்கே தொங்கவிட்டிருக்க வேண்டும் என்றாய். இதை இப்போது சொல்லிக்காட்டவில்லை. ஊரே அப்படித்தான் பேசியது, கடையில் லட்டுகூடக் கொடுத்தார்கள். அந்த ஆள் செய்தது பெரிய பாவம்தான், செத்தவர்கள் வீட்டில் போய் நான் பேச முடியாது. ஆனால் இப்போதெல்லாம் எனக்கு அவன் அப்பா நினைவுதான் வருகிறது. அவர் என்ன வேலை பார்த்தாரோ, யாரிடம் போய் நின்றாரோ, அவருக்கு மொழி சொல்ல ஒரு காதர் பாய் இருந்தாரோ இல்லையோ. கோர்ட்டு எதற்கு என்று இப்போது அந்த ஊர் டீக்கடையில் உன்னைப் பற்றி யாரோ சாப்பிட்டுக்கொண்டே சொல்லிக்கொண்டிருப்பான். அவன் கெட்டவனாக இருக்க மாட்டான். உன்னைப் போல, வீட்டுக்கு அடங்கின நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

இப்போது உன் அம்மாவைப் பற்றி. கையெழுத்துப் போடக் கூடாது என்று உன்னைப் போலவே அவளும் நிற்கிறாள். எங்களுக்குள் இந்த ஒரு விஷயத்தில் பேச்சு வார்த்தையே நின்றுபோகும் அளவுக்கு வந்துவிட்டது. நீ அஞ்சாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக் குழாயை உடைத்தாய் என்று உன்மேல் பழி வந்ததே, நினைவிருக்கிறதா? மன்னிப்புக் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போ என்றார் ஹெட்மாஸ்டர். நான் உடைக்கவில்லை, கேட்க மாட்டேன் என்று மணி அடிக்கிறவரைக்கும் வெயிலில் முட்டி போட்டு நின்றாய். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா முட்டிக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, திருஷ்டி கழித்து, தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒரு வார்த்தை சாரி என்று சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போயிருக்கலாமே என்றேன். இந்த மனுஷனுக்கு முதுகெலும்பே கிடையாது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறாள். நீ அவள் பிள்ளை. அதுதான் என் பயம். முட்டி போட்டவனை மணி அடித்தால் எழுப்பி அனுப்புவார்கள். இது அப்படி இல்லையே.

நான் மெத்தையில் உட்கார்ந்து பொய் சொல்லியே வயிறு வளர்த்தவன் தம்பி. கறுத்த அம்மாவிடம் இந்த நிறம் உங்களை எடுத்துக் காட்டுகிறது என்பேன். கையிருப்பில் ஒரு குவியல் இருக்கும், இந்த ஒன்றுதான் மிச்சம் என்பேன். உனக்காகவே நெய்த மாதிரி இருக்குதும்மா என்று காலையிலிருந்து எத்தனை பேரிடம் சொல்கிறேன் என்று கணக்கே இல்லை. வாயால் சொல்கிறது வாயோடு போய்விடும், வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் நான் நானாகத்தான் இருப்பேன். ஒரு காகிதத்தில் ஒரு வரி எழுதுவதால் நீ உளவாளி ஆகிவிட மாட்டாய். ஜெயிலில் இருப்பவனுக்குத் திரும்பி வர வழி இருக்கிறது. இரண்டு நாடும் இன்றைக்குச் சண்டை போடும், நாளைக்குக் கிரிக்கெட் ஆடும், மறுநாள் பெரியவர்கள் கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்த மாதிரி ஒரு நல்ல நாளில் உன் ஆளை நீ எடுத்துக்கொள், என் ஆளை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கைதிகளை மாற்றிக்கொள்வார்கள். அந்த நாள் வரும்போது நீ உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. மானஸ்தனாகச் செத்த மகன் எனக்கு வேண்டாம். பொய் சொல்லிவிட்டு, தலைமுடி நரைத்து, பல் விழுந்து, எப்படியாவது நடந்து வருகிற மகன் போதும்.

ஊரைப் பற்றியும் கவலைப்படாதே. நீ எழுதிக் கொடுத்தால் புலி என்றவர்கள் நரி என்பார்கள். கொஞ்ச நாள் கடையில் வாடிக்கைக்காரர்கள் என்னிடம் புடவை பார்க்காமல் அடுத்த மெத்தைக்குப் போவார்கள். தங்கச்சி கல்யாணப் பேச்சு தள்ளிப் போகும், அவளே அதைப் பற்றிப் பேசாதே என்று என் வாயை அடைத்துவிட்டாள். அதெல்லாம் எங்களால் தாங்க முடிந்த கஷ்டம். தாங்க முடியாத கஷ்டம் ஒன்றே ஒன்றுதான், அது உனக்கே தெரியும்.

இங்கே படித்துக்கொண்டிருக்கிற அய்யாவிடமும் ஒரு வார்த்தை. நீங்கள் எந்தப் பக்கத்து அய்யாவாக இருந்தாலும் சரி. என் பிள்ளை போட்டோ எடுத்தது தப்பு. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். நாங்கள் கேட்டுக்கொள்வதெல்லாம், பிறகு தப்பாகக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் திருப்பி வாங்கிக்கொள்ள முடிகிற மாதிரி ஒரு தண்டனையாகக் கொடுங்கள் என்பதுதான். குடும்பம் என்ன எழுதினாலும் மேலே இருப்பவர்கள் பார்ப்பது அவன் கையெழுத்தை மட்டும்தான் என்று வக்கீல் சொன்ன தைரியத்தில் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் அதை என்மேல் வையுங்கள், அவன்மேல் வைக்காதீர்கள்.

இதுவரைக்கும் எழுதியதை இன்றைக்குக் காலையில் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. மொச்சை உரித்துக்கொண்டே கேட்டாள். மன்னிப்புக் கேட்பதில் அவளுக்கு என்ன பயம் என்று இத்தனை நாளில் நான் கேட்கவே இல்லை, இன்றைக்குக் கேட்டேன். "செய்யாதத செஞ்சேன்னு எழுதிக் குடுத்தா, போகப் போக அவனே அத நம்பிடுவான். தனியா கெடக்கறவன். பக்கத்துல உக்காந்து நீ அப்படி இல்லடான்னு சொல்ல அங்க யாரு இருக்கறாங்க?" என்றாள். மெத்தையில் உட்கார்ந்து யாருக்கும் எதையும் பேசி விற்கிறவன், அவள் எதிரில் உட்கார்ந்து நானும் மொச்சை உரித்தேன். தொலி கிடந்த முறத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கடிதத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்ப நான் சொல்றத அப்படியே எழுதுங்க" என்று நின்றுகொண்டே சொன்னாள். எழுதுகிறேன்:

"நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்துடு கண்ணு. அந்த ஊரு நம்பட்டும், இந்த ஊரு நம்பட்டும், உங்கப்பா வேணும்னாலும் நம்பிக்கட்டும். நான் நம்ப மாட்டேன். எவ்ளோ வருசம் ஆனாலும் நம்ப மாட்டேன். உனக்கே சந்தேகம் வந்துச்சின்னா, அம்மா நம்பலன்னு நெனச்சிக்க."

அப்பா